வெள்ளிக்கிழமைக் கையொப்பம்

புதன்கிழமை காலை எட்டு மணிக்கு அந்தப் பக்கத்தை எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள் என்று திறந்து பார்த்தேன். ஐந்து. செவ்வாய் மாலை பார்த்தபோது இரண்டுதான் இருந்தது. அந்த இரண்டும் நான். மற்ற மூன்று யார்?

அது வெறும் பக்கம். நடுவில் ஒரு ‘உ’, அதன் கீழே பதிவாளர் சுகந்தியின் மின்கையொப்பம். அவ்வளவுதான். தினமும் ஒரு ‘உ’ இப்படி இணையத்தில் ஏறும். மூன்று வருஷமாக அதை ஈ காக்கை எட்டிப் பார்த்ததில்லை. இப்போது வெள்ளிக்கிழமை ‘உ’வைத் திறந்தவர்கள் வியாழக்கிழமை ‘உ’வையும் சேர்த்துத் திறந்திருக்கிறார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் என்ன கிடைக்கும் என்று தெரிந்தவன்தான் அப்படிச் செய்வான்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெள்ளிக்கிழமைக் கையொப்பத்தைக் கெடுத்தவன் நான். பெயர் செண்பகராமன், வயது ஐம்பத்தாறு. வெள்ளப்பாறை திருமணப் பதிவு அலுவலகத்தில் முத்திரைப் பெட்டியைப் பராமரிக்கிற ஒப்பந்தக்காரன். பதிவாளர் விரலை வைத்ததும் சான்றிதழில் கையொப்பம் போட்டுத் தருகிற பெட்டி அது. பதினான்கு வருஷமாக அதன் தூசியைத் துடைத்துக்கொண்டிருக்கிறேன். அதன் நல்லது கெட்டது எனக்கு அத்துபடி.

“தோசை ஊத்தட்டா?” என்று மங்கை சமையலறையிலிருந்து கேட்டாள்.

“வேண்டாம்.”

“வயித்தக் காயப் போட்டுட்டு அப்படி எங்க ஓடுறீங்க? அஞ்சு நாளா நீங்க ஒரு நெலையில இல்ல.”

மனைவி பேசி முடிப்பதற்குள் செருப்பை மாட்டினேன். இடது கால் செருப்பை வலது காலில் மாட்டிக்கொண்டு தெருமுனை வரை போயிருக்கிறேன் என்பது பேருந்தில் ஏறும்போதுதான் தெரிந்தது.

சுகந்தி மேடம் எப்போதும் அலுவலகம் திறப்பதற்கு அரை மணி நேரம் முன்பே வந்துவிடுவார். வந்ததும் முதல் வேலை அந்த ‘உ’தான். பழைய காலத்துப் பதிவேட்டில் பக்கத்தின் தலையில் அதைப் போட்டுவிட்டு வேலையைத் தொடங்கியவர். பெட்டி வந்தபிறகு சான்றிதழின் தலையில் ஒரு புள்ளிகூட வைக்க முடியாது, ஏற்றுக்கொள்ளாது. மேடம் அசரவில்லை. வெறும் தாள் ஒன்றில் ‘உ’ போட்டு அதற்குத் தனியாகக் கையொப்பம் வைத்துவிட்டுத்தான் முதல் ஜோடியைக் கூப்பிடுவார். கையொப்பம் பட்ட எதுவும் தானாகவே இணையத்தில் ஏறிவிடும் என்பதால் பிள்ளையார் சுழியும் ஏறியது. நான் அதைக் கேலி செய்யாத இடமில்லை.

அன்றும் விரலைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“மேடம், இன்னிக்கு அது வேணாம்.”

“ஏன் சார்? பெட்டி ரிப்பேரா?”

“பெட்டி நல்லாத்தான் இருக்கு. நான்தான் சரியில்ல.”

உட்காரச் சொன்னார். உட்கார முடியவில்லை. நின்றபடியே சொன்னேன்.

“நீங்க ஒரே தாள்ல நூறு தடவை கையெழுத்து வச்சாலும் இந்தப் பெட்டி அச்சு மாறாம ஒரே கையெழுத்தத்தான் போடும். அப்படித்தான் அதச் செஞ்சிருக்காங்க. சான்றிதழ் ஒவ்வொண்ணும் வேற வேற ஆளு. அதுல பிரச்சினை இல்ல. உங்க ‘உ’ மட்டும் தினமும் அதே தாள். தேதியெல்லாம் பின்னால வெப்சைட் ஒட்டுறது.”

“சரி. அதுக்கென்ன?”

“போன வெள்ளிக்கிழமை கோணலா விழுந்துருக்கு. பெட்டி கணக்குப் போட்டுக்கிட்டு இருக்கும்போது மெமரியில ஒரே ஒரு இடத்துல பூஜ்யம் ஒண்ணா மாறிருச்சு. நேரான கையெழுத்து ஒண்ணு, கோணக் கையெழுத்து ஒண்ணு. ரெண்டையும் வச்சுக் கழிச்சுப் பாத்தா, உள்ளயே கெடக்கணும்னு வச்ச உங்க சாவி கையில வந்துரும். அரை நிமிஷ வேலை.”

“மெமரி தானா மாறுமா?”

“தட்டினா மாறும். மெமரியில வரிசை வரிசையா இடம் இருக்கு. ஒரு வரிசைய விடாம, நொடிக்கு லட்சக்கணக்குல தொட்டுக்கிட்டே இருந்தா பக்கத்து வரிசையில இருக்கறது ஆடிப்போகும். பக்கத்து வீட்டுக்காரன் செவுத்துல ஆணி அடிச்சா நம்ம வீட்டுப் படம் விழுதுல்ல, அந்த மாதிரி. வாசல்ல டோக்கன் நம்பர் காட்டுற திரையும் இதே பெட்டியிலதான் ஓடுது. அதுக்குள்ள ஒரு சின்ன புரோகிராம வச்சேன். பதினோரு நாள் சும்மா தட்டுச்சு. பன்னெண்டாம் நாள் விழுந்துருச்சு.”

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். “வச்சேன்னா? நீங்களா?”

“நான்தான்.”

“கோணலா விழுந்தா பெட்டியே கண்டுபிடிச்சு வெளிய விடாம நிறுத்திரும்னு நீங்கதான சொன்னீங்க?”

“அந்தச் சோதனைய வைகாசி முகூர்த்தத்துல நிறுத்தினோமே மேடம். ஒரே நாள்ல நூத்தி நாப்பது ஜோடி. ஒரு சான்றிதழுக்கு ஒம்போது செகண்ட் கூட ஆகுது, நல்ல நேரம் முடியப் போகுதுன்னு வாசல்ல சண்டைக்கு வந்தாங்க. நீங்க நிறுத்தச் சொன்னீங்க. திருப்பிப் போடச் சொல்ல மறந்துட்டீங்க. நானும் ஞாபகப்படுத்தல.”

அவர் பெட்டியைப் பார்த்தார். பிறகு ‘உ’ போட்டு வைத்திருந்த தாளைப் பார்த்தார்.

“அப்ப என் பிள்ளையார்தான் காட்டிக் குடுத்தாரா?”

“பிள்ளையார் மேல தப்பில்ல மேடம். தட்டினது நான்.”

அந்தச் சாவி கையொப்பத்துக்கு மட்டும் என்றால் இவ்வளவு பதற வேண்டியதில்லை. வேறு சாவி வாங்கிக்கொள்ளலாம். ஆனால் காப்புப் பட்டியலையும் பூட்டுவது அதே சாவிதான். ஆளுக்கு இரண்டு சாவி கொடுத்தால் பராமரிக்கச் சிரமம் என்று யாரோ ஒரு புண்ணியவான் ஒன்றாக்கிவிட்டார். சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்டு சொந்தக்காரர்களுக்குப் பயந்து ஒளிந்து வாழ்கிறவர்களின் முகவரியும் தொலைபேசி எண்ணும்தான் அந்தப் பட்டியல். முன்பொரு காலத்தில் அது அலுவலக அலமாரியில் இருந்தது, ஒரு குமாஸ்தா அதை விற்றான். அதற்குப்பிறகு யாரும் திருத்தவோ மறைக்கவோ முடியாதபடி பூட்டிய நிலையிலேயே எல்லோர் பார்வைக்கும் வைத்துவிட்டார்கள். யார் வேண்டுமானாலும் நகல் எடுத்துக்கொள்ளலாம், சாவி இல்லாமல் திறக்க முடியாது என்ற தைரியம். வெள்ளப்பாறைப் பட்டியலில் முப்பத்தெட்டு ஜோடி இருந்தார்கள்.

மேடத்துக்கு இதைச் சொல்லவேண்டிய அவசியம் இருக்கவில்லை. அவர் முகம் வெளுத்திருந்தது.

“யாருக்காகச் செஞ்சீங்க?”

“என் மக அதுல இருக்கா.”

மிருதுளா போய் மூன்று வருஷம் ஆகிறது. பையன் வேற சாதி. அவள் போன அன்று மங்கையின் தம்பிகள் மூன்று பேரும் வீட்டுக்கு வந்தார்கள். அவர்கள் கையில் என்ன இருந்தது என்று பார்த்தேன். பார்த்துவிட்டு, கார் சாவியை எடுத்துக் கொடுத்தேன். நானாக ஒருவரையும் அடிக்கவில்லை, திட்டவில்லை, சாவியை மட்டும் கொடுத்தேன். அன்று அவர்கள் அவளைப் பிடிக்கவில்லை. அடுத்த வாரம் அவள் இந்த அலுவலகத்தில்தான், நான் துடைத்து வைத்த பெட்டியில்தான், காப்புப் பதிவு செய்துகொண்டிருக்கிறாள். அந்த வாரம் நான் விடுப்பில் இருந்தேன். அவளுடைய வரிசை எண் முப்பத்தொன்று என்று நீதிமன்றத்திலிருந்து வந்த எச்சரிக்கைக் கடிதத்தில் போட்டிருந்தது. முகவரி தெரியாது, உயிரோடு இருக்கிறாளா என்றும் தெரியாது. என்னால் முடியவில்லை. பார்க்காமல் இருக்க முடியவில்லை.

“பாத்தீங்களா?” என்றார் மேடம்.

“அவ பதிவ மட்டும் திறந்தேன். சத்தியமா வேற யாரோடதையும் தொடல. ஞாயித்துக்கெழம பஸ் ஏறிப் போனேன்.”

அந்த ஊரின் பெயரை இங்கே எழுதமாட்டேன். எதிர்ச்சாரியில் ஒரு செல்போன் கடை வாசலில் நின்றேன். அவள் வெளியே வந்து, தண்ணீர் கேன் போடுகிறவனிடம் சண்டை போட்டாள். கேன் ஒழுகுகிறதாம். வேறு கொடுக்காமல் நகரக்கூடாது என்று இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். கடைசியில் அவன் வேறு கேன் கொடுத்தான். அவள் உள்ளே போனாள். நான் திரும்பி வந்துவிட்டேன். மூன்று வருஷத்தில் அப்படி ஒரு நிம்மதி எனக்குக் கிடைத்ததில்லை.

“முப்பத்தெட்டு வீடு, செண்பகராமன்” என்றார் மேடம். ‘சார்’ போய்விட்டது. “ஒரு வீட்டப் பாக்க முப்பத்தெட்டு வீட்டுக் கதவயும் ஒடச்சு வச்சிருக்கீங்க.”

“யாரும் பாக்க மாட்டாங்கன்னு நெனச்சேன் மேடம். யார் போயி வெறும் ‘உ’வப் பாக்கப் போறாங்க? இன்னிக்குக் காலையில பாத்தா மூணு பேரு பாத்திருக்காங்க.”

“தலைமை அலுவலகத்துக்குச் சொல்லிச் சாவிய மாத்தினா?”

“புதுப் பூட்டு புதுப் பதிவுக்குத்தான். பழசு ஏற்கெனவே ஊரு பூரா நகலாக் கெடக்கு. திருப்பி வாங்க முடியாது. அந்த முப்பத்தெட்டு பேரும் இருக்கிற எடத்த விட்டுக் கெளம்பணும். அது ஒண்ணுதான் வழி.”

“அவங்க நம்பரு அந்தப் பட்டியலுக்குள்ளதான் இருக்கு. நான் திறக்கணும்னா கோர்ட் உத்தரவு வேணும். மூணு நாளாகும்.” என் மடிக்கணினிப் பையைப் பார்த்தார். “நீங்க இப்பத் திறப்பீங்க. அப்படித்தானே?”

தலையாட்டினேன். மடிக்கணினியை அவர் மேசையில் வைத்துப் பட்டியலைத் திறந்தேன். திரையில் பெயர்கள் வரிசையாக இறங்கத் தொடங்கின. அவர் திரையைத் தன் பக்கம் சட்டென்று திருப்பிக்கொண்டார்.

“வெளிய போயி உக்காருங்க. வரிசையாத்தான் கூப்பிடுவேன். உங்க மகளும் வரிசையிலதான் வருவா. போலீசுக்கும் சொல்லப் போறேன். உங்களப் பத்தியும் சேத்துத்தான்.”

“சொல்லுங்க மேடம்.”

வாசலில் ‘சர்வர் பழுது’ என்று அட்டை தொங்கியது. மாலையும் கழுத்துமாக நான்கு ஜோடிகள் வந்து நின்றன. ஒரு பெண்ணின் அப்பா என்னிடம் வந்து, “எப்ப சார் சரியாகும்? பத்தரைக்குள்ள முடிக்கணும்” என்றார். தெரியாது என்றேன். “மெக்கானிக்குன்னு சொல்றாங்க, உக்காந்து வேடிக்க பாத்துக்கிட்டு இருக்கீங்க” என்று முணுமுணுத்துக்கொண்டே போனார். பெஞ்சில் உட்கார்ந்தேன், எழுந்தேன், தண்ணீர் குடித்தேன், மறுபடி உட்கார்ந்தேன். கதவுக்கு அந்தப் பக்கம் மேடத்தின் குரல் கேட்டது. ஒவ்வொரு அழைப்பிலும் முதலிலிருந்து சொல்லவேண்டியிருந்தது. “நான் பேங்க்லேருந்து பேசலம்மா... ஓடிபி எதுவும் கேக்கல... வைக்காதீங்க, வைக்காதீங்க.” யார் நம்புவார்கள்? மூன்று வருஷம் எவனும் கண்டுபிடிக்காத எண்ணுக்கு ஒரு குரல் வந்து ஓடு என்றால் அதையே பொறி என்றுதான் நினைப்பார்கள்.

பதினொன்றே கால் மணிக்கு என் போன் அடித்தது. சந்தனகுமார். மங்கையின் கடைசித் தம்பி.

“அத்தான், எங்க இருக்கீங்க? கெடச்சிருச்சு.”

“என்னது?”

“அட்ரஸு. நம்ம பாப்பா அட்ரஸு. ஒங்களுக்குத்தான் மொத மொதல்ல சொல்றேன்.”

“எப்படி மாப்ள கெடச்சது?”

“எல்லாம் நீங்க குடுத்த துப்புத்தான். ஆவணியில நம்ம வீட்டுக் காதுகுத்துல சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்போது சொன்னீங்கள்ல, அந்தம்மா தெனமும் ஒரே ‘உ’வுக்குக் கையெழுத்துப் போடுதுன்னு? எல்லாரும் சிரிச்சோமே. பக்கத்து எலையில ஒருத்தன் மட்டும் சிரிக்கல. கம்ப்யூட்டர் படிச்ச பய. அன்னிக்கிலேருந்து தெனம் ஒரு ‘உ’ வந்ததும், பக்கத்தத் திறக்காமலே, அவனோட புரோகிராம் எடுத்து ஒப்பிட்டுப் பாத்துக்கிட்டே இருந்திருக்கு. நேத்து ராத்திரிதான் வெள்ளிக்கிழமை கோளாறா இருக்குன்னு கண்டான், பக்கத்தத் திறந்து மூணு தடவ சரிபாத்தான். நீங்க வண்டி எடுத்துட்டு வாங்க, அண்ணனுங்க ரெண்டு பேரும் ரெடி.”

நான் கேலியாகச் சொன்னது. ஜிலேபியைக் கையில் வைத்துக்கொண்டு, பந்தியில் எல்லோரும் சிரிக்கவேண்டும் என்று சொன்னது. பயந்து நடுங்கினேன் என்று எழுத எனக்கு வெட்கமில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டேன். ஆனால் குரலை மட்டும் எப்படியோ பிடித்து நிறுத்தினேன்.

“மாப்ள, நான் இல்லாம கெளம்பினீங்கன்னா அதோட ஒறவே இல்ல. என் மக. நான்தான் முன்னால நிக்கணும். வண்டி சர்வீசுக்கு விட்டிருக்கேன், எடுக்க ஒரு மணி நேரம் ஆகும். பைபாஸ் பெட்ரோல் பங்க்ல நில்லுங்க. வந்து ஏத்திக்கிறேன்.”

“அத்தான்னா அத்தான்தான்” என்றான் அவன். போன தடவை சாவி கொடுத்தவன் இந்தத் தடவை பொய் சொல்வான் என்று அவன் எப்படி நினைப்பான்?

கதவைத் தட்டாமல் உள்ளே ஓடினேன். “மேடம், முப்பத்தொண்ணு! அவளுக்கு மொதல்ல போடுங்க. மச்சினனுங்க கையில அட்ரஸ் போயிருச்சு. மத்தவங்கள அவனுங்களுக்குத் தேவையில்ல, அவதான். பெட்ரோல் பங்க்ல நிக்கச் சொல்லியிருக்கேன், போலீச அங்க அனுப்பச் சொல்லுங்க.”

அவர் அப்போதுதான் பத்தொன்பதாவது ஆளிடம் பேசி முடித்திருந்தார். தொண்டை கட்டியிருந்தது. ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு கையால் எண்ணை அழுத்திக்கொண்டே மறு கையால் என்னை வெளியே போகச் சொன்னார். போனேன். கதவைச் சாத்தினேன். காதைக் கதவில் வைக்கவில்லை. வைத்தால் அவள் குரல் கேட்டுவிடுமோ என்று பயமாக இருந்தது. பத்தடி தள்ளிப் போய் நின்றுகொண்டேன்.

பன்னிரண்டரைக்கு பங்க்கில் மூன்று பேரையும் பிடித்துவிட்டதாகத் தகவல் வந்தது. சாக்குப் பையில் சுற்றிய இரண்டு அரிவாள்கள் கிடைத்தனவாம். ஒன்றரை மணிக்கு மேடம் வெளியே வந்தார். பெஞ்சின் மறு முனையில் உட்கார்ந்தார்.

“முப்பத்தேழு பேருகிட்ட பேசிட்டேன். ஒருத்தரு எடுக்கல. அந்த ஊரு ஸ்டேஷன்லேருந்து நேர்ல போயிருக்காங்க.” என் முகத்தைப் பார்த்துவிட்டு, “உங்க மக இல்ல” என்றார். “அவ எடுத்தா.”

“நம்பினாளா?”

“மத்தவங்கள நம்ப வைக்க ஆளுக்கு நாலஞ்சு நிமிஷம் ஆச்சு. அவளுக்கு ஒரு நிமிஷங்கூட ஆகல. யாருக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு கேட்டா. மறைக்கக் கூடாதுன்னு உங்க பேரச் சொன்னேன். ‘அப்பாவா?’ன்னா. அப்புறம் பை ஜிப்ப இழுக்குற சத்தந்தான் கேட்டுச்சு.”

மூன்று வருஷம் அவளைப் பார்க்கத் துடித்திருக்கிறேன். அவள் என் பெயரைக் கேட்டதும் ஓடியிருக்கிறாள். வலித்தது. அதே நேரம், ஓடினாளே என்று கும்பிடத் தோன்றியது. அவள் நின்று என்னைப் பற்றி நல்லதாக நினைத்துப் பார்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

“எங்க போறான்னு நான் கேக்கல” என்றார் மேடம். “போன வைக்கப் போறவ, ஒண்ணு மட்டும் சொன்னா. புது எடத்த அம்மாகிட்ட நானே சொல்லிக்கிறேன், நீங்க அப்பாகிட்ட எதுவும் பேசிக்க வேணாம்னா.”

“அம்மாகிட்டயா?”

“ஆமா. மாசம் ஒரு தடவ வந்து பாத்துட்டுப் போறாங்களாமே.” சொன்னபிறகுதான், சொல்லியிருக்கக் கூடாது என்று உறைத்து உதட்டைக் கடித்தார்.

மாசம் ஒரு தடவை. கிருத்திகைக்கு விரதமிருந்து முருகனைப் பார்க்கப் போகிறேன் என்று மங்கை காலை ஐந்தரை பேருந்து பிடிப்பாள். இரவு திரும்பி வந்து எனக்கு விபூதி பூசிவிடுவாள். நான் நெற்றியை நீட்டிவிட்டு, அடுத்த அறையில் மெமரியைத் தட்டித் தட்டி உடைப்பது எப்படி என்று படித்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுச் சமையலறையில் மூன்று வருஷமாக இருந்த முகவரிக்காக முப்பத்தெட்டு குடும்பத்தைத் தெருவில் நிறுத்தியிருக்கிறேன். அவள் என்னிடமும் சொல்லவில்லை, கூடப்பிறந்த தம்பிகளிடமும் சொல்லவில்லை. தூக்கத்தில்கூட உளறியதில்லை.

இன்ஸ்பெக்டர் வர இன்னும் பத்து நிமிடம் ஆகும் என்றார்கள். மங்கைக்குப் போன் செய்தேன்.

“மங்கை, பாப்பா எங்க இருக்கான்னு உனக்குத் தெரியுமா?”

அவள் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. “எனக்கெப்படிங்க தெரியும்? மூணு வருஷமா நானும்தான் வயித்துல நெருப்பக் கட்டிக்கிட்டு இருக்கேன். ஏன், ஏதாவது சேதி வந்துச்சா? மத்தியானம் சாப்பிட்டீங்களா இல்லையா?”

குரலில் ஒரு பிசிறு இல்லை. எனக்குத் தெரிந்திராவிட்டால் நூற்றுக்கு நூறு நம்பியிருப்பேன். அழுகை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

“ஒண்ணும் சேதி இல்ல. யாரு கேட்டாலும் இப்படியே சொல்லு, மங்கை. நான் கேட்டாலும் இப்படியே சொல்லு.”

வைத்துவிட்டாளோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். வைக்கவில்லை.

“சரிங்க” என்றாள்.